மேற்கு மூலைச் சாம்பல்

பிப்ரவரி 6, செவ்வாய்

கம்பெனியில் புது பூட்ஸ் கொடுத்தார்கள். ஆண்கள் அளவுதான் கைவசம் இருக்கிறதாம். "ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க மேடம், கச்சிதமா இருக்கும்" என்கிறான் ஸ்டோர்க்காரன். ரெண்டு போட்டேன். அப்படியும் உள்ளே இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது. சாலை வேலைக்கான லேபில் இத்தனை வருஷமாக ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்ற சேதி ஸ்டோருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல.

மதியம் மீட்டிங். புது மேனேஜர் நன்றாகப் பேசுகிறார், அதுதான் தொல்லை. ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். மேம்பாலத்துக்கு ஏறுகிற சாலைமேட்டை இனி மண் கொண்டு நிரப்பப் போவதில்லையாம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சுகிற சாம்பலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கப் போகிறார்கள். "யார் வயலையும் தோண்ட வேணாம், எந்தக் குன்றையும் உடைக்க வேணாம். சும்மா கிடக்கிற சாம்பலுக்கும் ஒரு நல்ல கதி" என்றார். நியாயமான பேச்சு. நானே பல இடத்தில் இதைப் பேசியிருக்கிறேன். எந்தக் குட்டையிலிருந்து சார் என்று கேட்டேன்.

"பழைய குட்டைதான். மூடிக் கிடக்குதே, அது."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

அண்ணியிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்ல?

பிப்ரவரி 8

இதை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும். ஒன்பது வருஷமாக எல்லாவற்றையும் இந்த டைரியில் கொட்டியிருக்கிறேன், இதைத் தவிர.

அண்ணன் அந்தக் குட்டையில் டோசர் ஓட்டினான், இரும்புச் சங்கிலி மேல் ஊர்ந்து சாம்பலைத் தள்ளுகிற வண்டி. நிலையத்திலிருந்து சாம்பல் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக வரும். சாம்பல் படியும், தண்ணீர் மேற்கு மூலை வழியாக வடிந்து போகும். மேலே வெயில் பட்டுக் காய்ந்து தரை மாதிரி ஆகிவிடும். அடியில் காயாது. ஆறிய பாலில் ஆடை கட்டுவதுபோலத்தான். மனிதன் நடந்தால் தாங்கும். கனமான வண்டி போய் நின்று அதிர்ந்தால் அடியில் இருப்பது கலங்கி மறுபடி கூழாகிவிடும். அண்ணன் கரையைப் பலப்படுத்த மேற்கு மூலைக்குப் போனான். டோசரின் மூக்கு சாய்ந்தது. கரையில் நின்றவர்கள் கத்தி முடிப்பதற்குள் வண்டியும் இல்லை, அவனும் இல்லை. சாம்பல் மூடிக்கொண்டது. இன்னொரு வண்டியை இறக்கித் தேட யாருக்கும் துணிவில்லை. நீளக் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை. குட்டையை அப்படியே கைவிட்டார்கள்.

அண்ணி அழவில்லை. அதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அவர் பாட்டுக்கு, அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறான் என்பதுபோல இருந்துவிட்டார். "உங்க அண்ணனுக்கு இந்த ஃபேன் சத்தம் ஆகாது" என்பார். ஆகாது. அண்ணியைப் பொறுத்தவரை இப்போதும் ஆகாது. நான் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். கல்யாணம் என்ற டெண்டரில் நான் கலந்துகொள்ளவே இல்லை, அதனால் இடம் மாறுவதற்கு அவசியமும் வரவில்லை.

இப்போது அந்தக் குட்டையை வெட்டப் போகிறார்கள். கிழக்கிலிருந்து ஆரம்பித்து மேற்கே வருவார்களாம்.

பிப்ரவரி 13

முதல் லாரிகள். தார்ப்பாய் போட்டு மூடித்தான் வருகின்றன, ஆனாலும் கொட்டும்போது ஒரு புகை எழும்புகிறது. முகம், புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் ஒரே நிறம். ரோலர்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், ஒரே நாள்ல எங்க எல்லாருக்கும் வயசாயிடுச்சு." நானும் சிரித்தேன்.

குட்டையில் வெட்டுவது கொக்கு. பொக்லைன் ஓட்டுநர். நெட்டையான ஒல்லி உடம்பு, கழுத்தை நீட்டி நீட்டித்தான் பேசுவார், பேர் அப்படி ஒட்டிக்கொண்டது. அண்ணனோடு அதே குட்டையில் வேலை பார்த்தவர். அன்றைக்குக் கரையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. சைட்டில் மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். யாரும் இல்லாவிட்டால் தங்கச்சி. இன்று பக்கத்தில் வந்து, "தங்கச்சி, தெரியும்ல, எந்தக் குட்டைன்னு" என்றார்.

தெரியும் அண்ணே என்றேன்.

வேறு என்னமோ சொல்ல வந்தார். அதற்குள் அவர் மனைவியிடமிருந்து போன். தினம் மதியம் தவறாமல் வரும். சாப்பிட்டாச்சா, தண்ணி குடிச்சீங்களா, தலையில துணி கட்டியிருக்கீங்களா. அவர் "ம்" "ம்" என்றே பேசி முடித்தார்.

பிப்ரவரி 21

சாம்பலைச் சல்லடைகளில் சலித்து, எந்தக் கண்ணில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. இந்தச் சாம்பல் மாவாட்டம். பெரிய கண் சல்லடையில் ஒன்றும் நிற்காது. நிற்கவும் கூடாது. அத்தனையும் அடிவரை இறங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு சாம்பிள் போதும்.

நான் லாரிக்கு ஒன்று சலிக்கிறேன்.

உதவியாள் கேட்டான், எதற்கு மேடம் இத்தனை என்று. தரம் தம்பி, தரம் என்றேன். எவ்வளவு லேசாகப் பொய் வருகிறது எனக்கு!

மார்ச் 1, வெள்ளி

வீட்டுக்கு வந்தால் பின்வாசல் தரையில் சாம்பல் தடம். பெரிய பெரிய பாதம். வாசலிலிருந்து சமையலறை வரை வந்து, திரும்பிப் போயிருந்தது. அண்ணி அதைச் சுற்றி நடந்து வேலை செய்துகொண்டிருந்தார். மிதிக்கவில்லை. துடைக்கவும் இல்லை.

"வந்துட்டுப் போயிருக்காரு" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. பிறகு புரிந்தது. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு எடுக்க வந்தேனே, அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் பூட்ஸ். ஸ்டோர்க்காரன் புண்ணியத்தில் ஆண்பிள்ளை அளவு.

சொல்லியிருக்கலாம். அந்தத் தடத்தைப் பார்த்த அவர் முகம்... நான் குளிக்கப் போய்விட்டேன். நெடுநேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றேன். தண்ணீர் வெளுக்கவே இல்லை.

மார்ச் 7

மதியம் வண்டிகள் எல்லாம் நின்று, ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் சாலைமேட்டில் குழி எடுத்து, இறுக்கம் சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டது. கீழிருந்து. இரும்புச் சங்கிலி பல்லில் ஏறி இறங்குகிற கிறீச். நிற்கும். மறுபடி கிறீச்.

அண்ணனின் டோசரில் இடது பக்கச் சங்கிலிக்கு அந்தக் கிறீச் இருந்தது. எத்தனை கிரீஸ் வைத்தாலும் போகவில்லை என்று திட்டிக்கொண்டே இருப்பான்.

நான் படித்தவள். சாம்பலில் காற்று அடைபட்டிருக்கும், ரோலர் அழுத்தியதில் மெல்ல வெளியேறும், அது சத்தம் போடும். அவ்வளவுதான். அவ்வளவுதானே?

காதைச் சாம்பல் தரையில் வைத்துப் பார்த்தேன். என் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான்.

மார்ச் 8

இன்றும்.

மார்ச் 19

சல்லடையில் ஒரு பொத்தான் நின்றது.

வெள்ளை, நாலு துளை. சட்டைப் பொத்தான். யாருடைய சட்டையிலும் இருக்கும். உலகத்தில் பாதிப் பேர் சட்டையில் இருக்கும். என் உதவியாள் சட்டையிலேயே ஒன்று அறுந்துதான் தொங்குகிறது. அவனைக் கூப்பிட்டு எண்ணிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. அவனுடையது பழுப்பு நிறம்.

வேலியோரம் வீசிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்த் தேடினேன். மண்டியிட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. ஏன் வீசினேன்? வீசிவிட்டு ஏன் தேடினேன்? என்னடி வேணும் உனக்கு?

அவன் வேணும். வேறென்ன. கை கால் எது கிடைச்சாலும் சரி, எங்க அண்ணன் இதுன்னு ஒரு இடத்தைக் காட்டணும். லாரி லாரியா ஏத்தி ரோட்டுல பரப்பி, மேல ரோலர் விட்டு, அதுக்கு மேல தார் ஊத்தி, அதுக்கும் மேல ஊரே ஹாரன் அடிச்சிக்கிட்டுப் போகும். அவன் எந்த லாரியில போனான்னு யாருக்கும் தெரியாது. ஐயோ, அது மட்டும் வேணாம்.

ஏப்ரல் 2

பாலத்தின் தென்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் சாம்பல் தேவை. குட்டையில் மீதி இருப்பது மேற்கு மூலை மட்டும்.

மேனேஜர் வரைபடத்தை மேசையில் விரித்து அந்த மூலையில் விரலை வைத்தார். "இதை எடுத்துட்டா தென்பக்கம் முடிஞ்சுது. மழைக்கு முன்னாடி தார் போட்டுடலாம். ஈரம் எவ்வளவுன்னு லேப் சொல்லணும். நீங்க சரின்னா வண்டி இறங்கும். இல்லைன்னா விட்டுடலாம், வேற வழி பார்ப்போம்." நல்ல மனிதர். அந்த மூலையில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

நான் சரின்னா வண்டி இறங்கும். என் காதில் அது மட்டும்தான் நின்றது. வண்டி இறங்கினால் டோசர் தட்டுப்படும். டோசர் தட்டுப்பட்டால் அவன்.

ஏப்ரல் 4, வியாழன்

மேற்கு மூலைக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கரையிலிருந்து பார்த்தால் வெள்ளை மைதானம், பிள்ளைகள் பந்து விளையாடலாம் போல.

முறைப்படி மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று நீளத் துளைக்கருவியை இறக்கி எடுக்க வேண்டும். கருவியைக் கொண்டுதான் போயிருந்தேன். அதைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. கரண்டியால் மேலாக மூன்று இடத்தில் எடுத்தேன். காய்ந்த சாம்பல், கையில் ஒட்டவில்லை.

கொக்கு தூரத்தில் தன் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சூட்டடுப்பில் வைத்து எடை போட்டேன். ஈரம் சரியாக இருக்கிறது. இருக்காதா பின்னே? எழுதிக் கொடுத்தேன். நான் பொய் எழுதவில்லை. மூன்றும் மேலே எடுத்தது என்று எழுதவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வெயில் காய்ந்திருக்கிறது, அடிவரை காய்ந்திருக்காதா? காய்ந்திருக்கும்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை வண்டி இறங்குகிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

அண்ணியிடம் சொன்னேன். சாயங்காலம், அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. மனதுக்குள் பத்து தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். அண்ணி, நாங்க அந்தக் குட்டையிலதான் சாம்பல் எடுக்கிறோம்.

"தெரியும்" என்றார். கை நிற்கவில்லை. "உன் துணியைத் துவைக்கிறது யாரு? அவரு துணியையும் நான்தான் துவைச்சேன். அந்த வாசம் எனக்குத் தெரியாதா? முத நாளே தெரியும்."

அப்புறம், "அந்தத் தடம் உன் ஷூதான்னும் தெரியும். ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டேன்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்கு மேற்கு மூலையில் வெட்டப் போகிறார்கள், அண்ணனை எடுத்துடலாம் அண்ணி என்றேன். அவர் கை அப்போதுதான் நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நெடுநேரம் மடியில் இருந்த சட்டையையே நீவிக்கொண்டிருந்தார்.

"அங்க வண்டி தாங்குமா?"

தாங்கும்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

"தாங்குமான்னு கேட்டேன்."

அண்ணியிடம் மட்டும் எனக்குப் பொய் லேசாக வராது.

"யாரு ஏறுறது?"

கொக்கு.

"அவரு வீட்டுல?"

பொண்டாட்டி இருக்காங்க. தினம் மத்தியானம் போன் பண்ணுவாங்க.

"அவகிட்ட கேட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, கடைக்குப் போனியா என்று கேட்பதுபோல. எழுந்து மடித்த துணியை உள்ளே கொண்டுபோனார். என் தட்டை மூடி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மேனேஜருக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கொக்கு நம்பர் என்னிடம் இல்லை. காலையில் போய்த் தடுத்துவிடலாம். எட்டு மணிக்குத்தானே வேலை.

ஏப்ரல் 6

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

எட்டு மணி இல்லை. வெயிலுக்கு முன்னால் ஆரம்பிக்கலாம் என்று அவர் விடியும்போதே வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் கரை ஏறினபோது பொக்லைன் மூலைக்குள்ள நிக்குது. கை நீட்டி ஒரு வாய் சாம்பலை அள்ளி, திரும்பி லாரியில கொட்டுது. அள்ளின குழியைப் பார்த்தேன். அது மெல்ல மூடிக்கிச்சு. நாலு பக்கமிருந்தும் வழிஞ்சு வந்து, அங்க யாரும் எதுவும் எடுக்கலைங்கிற மாதிரி மூடிக்கிச்சு.

வண்டியைச் சுத்தித் தரை வேர்க்குது. காஞ்ச சாம்பல்ல பொட்டுப் பொட்டா தண்ணி மேல வருது. எனக்கு அதோட அர்த்தம் தெரியும். தெரிஞ்சு எழுதிக் கொடுத்தவ நான்.

ஓடினேன். கரையிலிருந்து இறங்கி உள்ளயே ஓடினேன். நிறுத்துங்க, பின்னாடி எடுங்க, எடுங்கன்னு கத்துறேன். இன்ஜின் சத்தத்துல எதுவும் கேட்கல. ஒரு பூட்ஸ் மாட்டிக்கிச்சு, காலை உருவிக்கிட்டு ஓடினேன். காலடி எல்லாம் மெத்தை மாதிரி அசையுது. அவர் என்னைப் பார்த்தார். பார்த்த நேரத்துல வண்டியோட முன்பக்கம் ஒரு பக்கமா அமுங்குச்சு. அன்னிக்கும் இப்படித்தான் அமுங்கியிருக்கும். அவர் வண்டியோட கையைப் பின்னால திருப்பி, கரையில ஊன்றி இழுத்து இழுத்து, எப்படிப் பின்வாங்கினாரோ... சங்கிலி பாதி வரைக்கும் சாம்பல். வண்டி கரையேறினதும் இறங்கி வந்து என்னைத் தோளைப் பிடிச்சு உலுக்கினார். "பைத்தியமா உனக்கு? நீ ஏன் உள்ள வந்தே? நீ ஏன் வந்தே?"

நான் பொய்யா எழுதினேன் அண்ணே. மேலதான் எடுத்தேன். உங்களைக் கொல்லப் பார்த்தேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். மேனேஜரும் வந்துவிட்டிருந்தார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். ஏன் என்று மட்டும் கேட்டார். யாரோ அவர் காதில் சொன்னார்கள். குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களை நம்பித்தானேம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார். அதற்குப் பதில் கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 7

கொக்கு மனைவிக்கு இன்று மதியம் போன் செய்ய வேண்டியிருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டிலேதான் இருப்பார். இருக்கிறார்.

ஏப்ரல் 10

மன்னிப்புக் கேட்கப் போனேன். கொக்கு வண்டிச் சங்கிலியில் காய்ந்து ஒட்டின சாம்பலைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ மேலாக எடுத்ததை நான் பார்த்தேன் தங்கச்சி. கருவியைத் தோள்லயே வச்சிருந்தியே."

பார்த்துட்டு ஏன் ஏறினீங்க?

சுரண்டிக்கொண்டே இருந்தார். நான் போகத் திரும்பினேன்.

"அன்னிக்கு நான் கயிறு வீசினேன். அவனுக்கு எட்டல. இன்னும் ரெண்டு முழம் இருந்தா எட்டியிருக்கும். அவன் கையை நீட்டிக்கிட்டே போனான். நான் உள்ள இறங்கல. எல்லாரும் இறங்காதேன்னாங்க, சரின்னு நின்னுட்டேன்." கம்பியைக் கீழே வைத்தார். "அந்தச் சங்கிலி சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்மா. கிழக்குல வெட்டும்போதே கேட்டுச்சு. ஒரு தரம் போய்ப் பார்த்துட்டா நிக்கும்னு நினைச்சேன்."

எனக்கும் கேட்டுச்சு என்று நான் சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை நெட்டை மனிதர் குனிந்து அழுவதைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் வந்தது. ஒன்பது வருஷம் ஒருத்தரை ஒருத்தர் தவிர்த்துவிட்டு, கடைசியில் இரண்டு பேரும் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்புறம் போன் வந்தது. "சாப்பிடப் போறேன். ஆமா, கட்டியிருக்கேன்" என்றார். அவர் தலையில் துணியே இல்லை. வண்டியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 23

லேபிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி பாலத்துக்குக் கான்கிரீட் கட்டைகள் வார்க்கிற இடத்தில் வேலை. சல்லடை இல்லை, அடுப்பு இல்லை, கையெழுத்து இல்லை. மேனேஜர் நேரில் கூப்பிட்டுத்தான் சொன்னார். வேலையிலிருந்தே அனுப்பியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன். புது லேப்காரன் சின்ன வயது, முறைப்பான ஆள். எதையும் மூன்று தடவை எடுத்துப் பார்க்கிறான். நல்லது.

தென்பக்கத்துக்கு நிலையத்திலிருந்து நேராகக் காய்ந்த சாம்பல் வருகிறது. மேற்கு மூலையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். யாரும் இறங்கக் கூடாது, வெட்டக் கூடாது. மேலே மண் பரப்பி, சுற்றிலும் வேலி.

அண்ணியிடம் சொன்னேன். எடுக்க முடியாது அண்ணி, இனி எப்பவும் எடுக்க மாட்டாங்க.

"ம்" என்றார். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனார். ரொம்ப நேரம் கீழே வரவில்லை. நான் மேலே போகவில்லை.

மே 15

இன்று மண் பரப்பினார்கள். சாம்பலை எங்கே போட்டாலும் மேலே மண் மூடவேண்டும், இல்லையென்றால் காற்றில் பறக்கும், மழையில் கரையும். சாலைமேட்டுக்கும் அப்படித்தான், இந்த மூலைக்கும் அப்படித்தான். வேலையின் விதி, வேறொன்றுமில்லை.

அண்ணி வருகிறேன் என்றார். நான் கூப்பிடவில்லை.

நீளக் கை வைத்த வண்டியைக் கரையிலேயே நிறுத்தி, கொக்கு அங்கிருந்தபடியே மண்ணைக் கொண்டுபோய் மெல்ல மெல்லத் தூவினார். கொட்டினால் அமுங்கும் என்று தூவினார். இவ்வளவு பெரிய இரும்புக் கை அத்தனை மெதுவாக அசையும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாயிற்று. அண்ணி கரையில் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்க என்றதற்குத் தலையை ஆட்டினார், உட்காரவில்லை.

பாதியில் கொக்கு வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். அண்ணி முன்னால் நின்றார். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"கயிறு எட்டலைன்னு இவ சொன்னா" என்றார் அண்ணி. "நீங்க வீசுனீங்களே. அது போதும். போய் மிச்சத்தை முடிங்க, வெயில் ஏறுது."

அவர் போய் முடித்தார்.

திரும்பி வரும்போது லாரியில் அண்ணி அழுதார். சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு, என் துப்பட்டாவை இழுத்துத் துடைத்துக்கொண்டு. ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே இறங்கித் தள்ளிப் போய் நின்றுகொண்டான். நல்ல பையன்.

மே 17

சத்தம் கேட்கவில்லை. நான் இப்போது சாலைமேட்டுப் பக்கம் போவதே இல்லை, அதனாலும் இருக்கலாம்.

மே 31, வெள்ளி

தென்பக்கம் தார் போட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். நான் கட்டை வார்க்கிற இடத்திலிருந்து சாயங்காலம் வழக்கம்போல வந்தேன். கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. மறுபடி தள்ளினேன். இறுகிக்கொண்டதோ என்று தோளைக் கொடுத்தேன், எரிச்சலாக வந்தது, கையிலிருந்த பையைக் கீழே போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

அண்ணன் போன நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது கிடையாது. பகலானாலும் இரவானாலும் வெறுமனே சாத்தி வைப்பதுதான். திருட்டு பயம் என்று அக்கம்பக்கத்தார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அண்ணி கேட்டதில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை, கேட்க என்ன இருக்கிறது. அந்தக் கதவை நான் தட்டியதே இல்லை.

தட்டினேன்.

உள்ளே செருப்புச் சத்தம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"யாரு?" என்றார் அண்ணி.

கீழே கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"நான்தான் அண்ணி" என்றேன். "நான் மட்டும்தான்."

தாழ்ப்பாளை விலக்க முடியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். துருப் பிடித்திருந்தது. பிறகு திறந்தது.